வாத்து சொன்ன கதையின் கடைசிப் பக்கம்

1

கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டது. இங்கே நீகாதாவில் பனி கொட்ட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. நான் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டின் சமையல் பகுதியில் இந்த நாட்களில் மூச்சு விட நேரம் இருக்காது. ஜப்பானில் கிறிஸ்மஸ் என்றால் பொரித்த கோழி. யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, பூசை என்றால் என்னவென்று தெரியாதவர்கள், குடிலைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எல்லாரும் அன்றைக்குக் கோழிக்கால் வாங்க வரிசையில் நிற்பார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று அவர்களுக்குப் பொரித்துப் போடுவேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தலைமுடியில் எண்ணெய் வாடையோடு, ஊர்ப் பூசையைப் போனில் பார்ப்பேன். பன்னிரண்டு வருஷமாக என் கிறிஸ்மஸ் இதுதான்.

பழகிப்போன விஷயம். ஆனால் இந்த வருஷம் சட்டி முன்னால் என்னால் ஒழுங்காக நிற்க முடியவில்லை. இன்றைக்கு ஒரு தட்டு கோழியைக் கருக்கிவிட்டேன். கூட வேலை செய்யும் சாதோ அம்மாள், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு திருவிடைமருதூர்ப் பக்கம் என் அண்ணன் வயலில், அங்கே இருக்கும் வாத்துகளோடு கிடக்கிறது.

ஒரு நாவலால் வந்த வினை இது. அதுவும் ஒரு வாத்து தன் கதையைத் தானே சொல்கிற நாவல். சிரிக்கத்தான் தோன்றும். ஆகஸ்ட் மாதத்தில் நானும் சிரித்தேன்.

2

என் மகள் அமலிக்குப் பதின்மூன்று வயது. இங்கே கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றி எழுதிக்கொண்டு போக வேண்டும். அவள் நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலின் அட்டையில் நெல் பயிருக்கு நடுவே ஒரு வாத்து நின்றது.

இந்த ஊர்ப்பக்கம் சில விவசாயிகள் நட்ட வயலில் வாத்துக் குஞ்சுகளை விடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். அவை களையைத் தின்னும், பூச்சியைத் தின்னும், காலால் சேற்றைக் கலக்கிவிடும். மருந்தே அடிக்க வேண்டாம். நாவலைச் சொல்லும் வாத்து அப்படி ஒரு வயலில் விடப்பட்ட வாத்து. அதற்குப் பயிர்தான் காடு. வயலுக்குச் சொந்தக்காரர்களான கிழவனும் கிழவியும் அதற்கு வெறும் கால்கள்தான். பச்சை ரப்பர் பூட்ஸ் வந்தால் தீனி, கறுப்பு பூட்ஸ் வந்தால் திட்டு. பயிர் வளர வளர அதற்கு மேலே இருப்பதெல்லாம் மறைந்துபோகிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அமலி. என்னால் அந்த நாவலைப் படிக்க முடியாது. கடையில் பேசும் ஜப்பானிய மொழி எனக்கு வரும், மீன் விலையும் பஸ் நேரமும் படிப்பேன். நாவல் படிக்கிற அளவுக்கு எழுத்துகள் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வழக்கம்போல் வீடியோவில் வந்தார். அவர் பெயர் சவரிமுத்து. அண்ணி போன தவக்காலத்தில் தவறிப்போனார். மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். தனியாக இருக்கிறார் என்று நான் வாரம் தவறாமல் கூப்பிடுவேன். ஆனால் பேச என்ன இருக்கிறது? "சாப்டியா? அங்க மழையா, வெயிலா?" என்பார். அமலியிடம், "நல்லா படிக்கிறியாம்மா?" என்பார். அவள், "ம்" என்பாள். அதற்கப்புறம் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இன்னும் நாலைந்து வருஷத்தில் அந்த "ம்" கூட இருக்காது என்று தோன்றும்.

அன்றைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, "அண்ணே, இவ ஒரு கதை படிக்கிறா. வயல்ல வாத்து விடறாங்களாம், வாத்தே கதை சொல்லுதாம்" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நட்ட வயல்லயா? நம்ம ஊர்ல அறுத்த வயல்லதானே வாத்து மேய்ப்பாங்க. பயிரை மிதிச்சுப்புடாதா?"

அமலி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "மிதிக்க மாட்டாங்க மாமா. வாத்து சின்னவங்க. வரிசை நடுவுல நடப்பாங்க."

"வாத்துக்கு இவ்வளவு மரியாதை எங்கயும் கெடையாதும்மா" என்று அண்ணன் சிரித்தார். அண்ணி போன பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சரி, அப்பறம் என்ன ஆச்சு? சொல்லு."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அத்தியாயம் என்று ஆகிவிட்டது.

3

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது. எட்டு வயதிலிருந்து அமலிதான் எனக்கு வாய். அவளுடைய அப்பா இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறார், விடிந்து போனால் பொழுது அடைந்துதான் வருவார். பள்ளிக்கூடத்துக் காகிதம், ஆஸ்பத்திரி, இங்கே உள்ள நகராட்சி அலுவலகம் எல்லாவற்றுக்கும் இவளைத்தான் கூட்டிப் போவேன்.

நகராட்சி அலுவலகத்தில் என் பெயர் "சூசை-சான்", அதாவது சூசை அவர்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால் வந்த கூத்து. ஊரில் என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் இருந்ததில்லை. இங்கே மைக்கில் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

போன வருஷம் விசா புதுப்பிக்கிற சமயம். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நெடுநேரம் பேசினார். முகத்தில் சிரிப்பில்லை. நான் அமலியைப் பார்த்தேன்.

"கொஞ்சம் லேட் ஆகுமாம்மா. பரவாயில்லைன்னு சொல்றாங்க" என்றாள்.

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம். இவர்கள் மொழியே சுற்றி வளைத்துப் பேசுகிற மொழிதானே என்று விட்டுவிட்டேன். ஆசிரியரைப் பார்க்கப் போனாலும் இதே கதைதான். அவர் கால் மணி நேரம் பேசுவார். இவள், "நல்லா படிக்கிறேனாம்" என்பாள். வீட்டுக்கு வரும்போது ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பேன்.

4

அக்டோபரில் சம்பா நடவு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனைத் திருப்பி வயலைக் காட்டினார். வீட்டை ஒட்டிய ஒரு மா நிலத்தில், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு வரும், வரப்பைச் சுற்றி நைலான் வலை. உள்ளே மஞ்சளும் பழுப்புமாக வாத்துக் குஞ்சுகள், புது நாற்றுகளுக்கு நடுவே குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

"அண்ணே, என்ன இது? கதையைக் கேட்டுட்டா?"

"ஒரு மாவுலதானே விட்டிருக்கேன். ஊரே சிரிக்குது. பக்கத்து வயல் ராஜேந்திரன், 'என்ன சவரி, ஆளுக்குப் பதிலா வாத்துக்குக் கூலியா'ங்கறான். சிரிச்சுட்டுப் போறான் வுடு."

அந்த வழியாக வந்த பங்குச் சாமியாரை அண்ணன் நிறுத்தி, குஞ்சுகளுக்குத் தீர்த்தம் தெளிக்க வைத்தாராம். தை மாதம் வனத்து அந்தோணியார் திருநாளுக்கு எங்கள் ஊரில் மாடுகளைக் குளிப்பாட்டி, கோயிலுக்கு ஓட்டிப் போய் மந்திரித்து வருவார்கள். வாத்துக்கு மந்திரித்தது எங்கள் பங்கின் சரித்திரத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கும்.

அமலி போனுக்குள் தலையை விட்டுவிடுவாள் போல் பார்த்தாள். ஒரு குஞ்சின் கழுத்தில் வெள்ளைக் கோடு இருந்தது. "மாமா, இவங்கதான் கதை சொல்ற வாத்து" என்றாள்.

"அப்புடியா? என் காலைப் பத்தி என்ன சொல்லுது? எனக்கு பூட்ஸ் இல்லியே."

அவள் யோசித்துப் பதில் சொன்னாள். "'இந்தக் கால்ல சேறு போகவே மாட்டேங்குது'ன்னு சொல்றாங்க."

அந்த இரண்டு மாதம் நான் அனுபவித்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவே அமலி என்னிடம் வருவாள். "வரப்புன்னா இதுதானே? மடைன்னா? 'தண்ணி வடிஞ்சுது'ன்னு சொல்லணுமா, 'தண்ணி போச்சு'ன்னு சொல்லணுமா?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். தமிழ் வகுப்பு என்று நான் ஆறு வருஷம் கத்திக் கத்தி நடக்காதது, ஒரு வாத்தால் நடந்தது. பெரிய மழை பெய்து வயல் முழுகியபோது, அவள் ஞாயிறு வரை பொறுக்காமல் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தானாகவே போன் போட்டாள். "மாமா, வாத்து நல்லாருக்காங்களா?" என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நீங்க நல்லாருக்கீங்களா?" என்றாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதற்காகத்தானே ஏங்கினேன்.

5

டிசம்பர் தொடக்கத்தில் பயிர் பொதி கட்டியது, கதிர் இன்னும் தோகைக்குள்ளேதான். அதே ஞாயிற்றுக்கிழமை நாவலின் கடைசி அத்தியாயமும் வந்தது.

அமலி சொன்னாள்: கதிர் வெளியே வந்ததும் வாத்துகள் வயலில் இருக்கக் கூடாது, நெல்லைத் தின்றுவிடும். அதனால் கிழவனும் கிழவியும் வாத்துகளை ஒரு பெட்டியில் வைத்து, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுகிறார்கள். வாத்துகள் நீந்திப் போய்விடுகின்றன. கதை முடிந்தது.

"நல்ல மனுசங்க" என்றார் அண்ணன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே சொன்னார். கதிர் எட்டிப் பார்த்ததும் வலையைப் பிரித்துவிட்டார். வாத்துகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு போய் வீரசோழன் ஆற்றில் விட்டார். கழுத்தில் வெள்ளைக் கோடு போட்ட வாத்தைக் கடைசியாக விட்டாராம். சாயங்காலம் வீட்டு வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. மறுபடி கொண்டுபோய் விட்டார். மறுபடி வந்தன. மூன்றாம் நாள் விடியற்காலையில் நேராக வயலுக்குள் இறங்கிவிட்டன. பால் பிடிக்கிற கதிர். பாதியை உருவித் தின்றுவிட்டு, ராஜேந்திரன் வயலுக்கும் போய்விட்டன.

"ராஜேந்திரன் இப்ப சிரிக்கல" என்றார் அண்ணன். "'கிறிஸ்மஸுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க, இல்லேன்னா நான் பண்ணுவேன்'னுட்டான். அவன் சொல்றதும் நியாயம்தானே. ஏம்மா அமலி, அங்க ஆத்துல வுட்டா திரும்பி வராதா? அவங்க என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் விசாரிச்சு சொல்லேன்."

அமலி எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். பரீட்சை இருக்கிறது என்றாள்.

6

விசாரிக்கச் சொன்னாரே என்று மறுநாள் கடையில் சாதோ அம்மாளிடம் கேட்டேன். அவர் விவசாயக் குடும்பம். வாத்துகளை ஆற்றில் விடுவார்களா என்று கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஆத்துல விடவே கூடாது. காட்டு வாத்தோட கலந்துடும். கதிர் வந்தா வாத்து கறிக்குத்தான். அடுத்த வருஷம் புதுக் குஞ்சு. எங்க வீட்டுல வெங்காயத்தாள் போட்டு சூப் வைப்போம்" என்றார். அந்த நாவலையும் அவர் படித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் அழுதாராம்.

வீட்டுக்கு வந்து அமலியின் எதிரில் உட்கார்ந்தேன். கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

"கதையோட முடிவு என்னடீ?"

அவள் மறைக்கவில்லை. "வாத்து செத்துடுவாங்க."

"அப்ப ஏன் மாத்திச் சொன்னே? அங்க மாமா வயல் போச்சு. ஊர்க்காரன்கிட்ட பேச்சு வாங்கறார்."

"அத்தை செத்துட்டாங்க இல்ல" என்றாள். "மாமா தனியா இருக்காங்க. வாத்தும் செத்துட்டாங்கன்னு நான் எப்டிம்மா சொல்றது?"

அப்புறம்தான் கேட்டேன். "வேற என்னெல்லாம் மாத்திச் சொல்லியிருக்கே?"

கொஞ்ச நேரம் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "விசா ஆபீஸ்ல அவங்க கோவமாதான் பேசினாங்க. இவ்வளவு வருஷம் இருந்தும் உங்கம்மா ஏன் சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு வர்றாங்கன்னு கேட்டாங்க. டீச்சர், நான் கிளாஸ்ல யார்கிட்டயும் பேசறதில்லைன்னு சொன்னாங்க." பிறகு அவசரமாக, "நீ வருத்தப்படுவேன்னுதான்" என்றாள்.

எட்டு வயதிலிருந்து இந்தப் பிள்ளை எனக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்று, வருகிறதையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, எனக்கு இனிப்பை மட்டும் கொடுத்திருக்கிறது. நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றிரவு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவளுடைய அப்பா, "உட்காரேன்" என்றார். உட்கார முடியவில்லை.

அண்ணனிடம் நானே சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அமலி வந்து கையைப் பிடித்தாள். "நான் சொல்றேன்மா. கதையை நான்தானே சொன்னேன்."

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் பூசை முடிந்து வந்து வயல் வரப்பில் நின்றுகொண்டு கூப்பிட்டார். பின்னால் வாத்துகளின் சத்தம். வலையை மறுபடி கட்டி, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அடைத்திருந்தார்.

அமலி நாவலை மடியில் வைத்துக்கொண்டாள். "மாமா, நான் முடிவைப் பொய்யா சொன்னேன். மன்னிச்சுக்குங்க. இப்ப நெஜமா படிக்கிறேன்."

கடைசிப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தித் தமிழில் சொன்னாள். சில இடத்தில் வார்த்தை கிடைக்காமல் என்னைப் பார்த்தாள். எடுத்துக் கொடுத்தேன். கதிர் தலை காட்டுகிற ஒரு காலை. கிழவி வயலில் இறங்கி வாத்தைப் பிடிக்கிறாள். வாத்து பயப்படவில்லை, பச்சை பூட்ஸ்தானே, தீனி என்று நினைக்கிறது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்குகிறாள். பயிருக்கு மேலே, இடுப்புக்கு மேலே. முதல் தடவையாக அது ஒரு மனுஷ முகத்தைப் பார்க்கிறது. இவர்களுக்கும் கண் இருக்கிறது, அதில் தண்ணீர் இருக்கிறது என்று வாத்து சொல்கிறது. அதற்கப்புறம் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சரிம்மா" என்றார். "சொன்னது நல்லதாப் போச்சு. இங்க ஒரு வாத்துக்காரர் பட்டி போட்டிருக்காரு. பொட்ட வாத்தையெல்லாம் எடுத்துக்கறேன்னாரு, முட்டைக்கு. அதுங்க பொழைச்சுக்கும். ஆண் வாத்து அவருக்கு வேணாமாம், நெறைய இருக்காம். அதை கிறிஸ்மஸுக்குத்தான்..." என்று இழுத்தார்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்மஸுக்கு வாத்துக்கறி இல்லாமல் இருக்காது. நானும் தின்று வளர்ந்தவள்தான். இருந்தாலும் அடுத்து இவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"கழுத்துல வெள்ளைக் கோடு போட்டவங்க பொட்டையா மாமா?"

பொட்டை என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு வார்த்தைதானே. அண்ணனும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆண் வாத்தும்மா" என்றார். "வால் எறகு சுருண்டுடுச்சு. கொரலும் கம்மிப்போச்சு."

"ஒண்ணை மட்டும் வச்சுக்கக் கூடாதாண்ணே?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"தனி வாத்து நிக்காது ஸ்டெல்லா. கூட்டத்தைத் தேடிக் கத்திக் கத்தியே செத்துப்போவும். தெறந்து வுட்டா மறுபடியும் வயலுக்குத்தான் போவும்."

அமலி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. புத்தகத்தை மூடினாள். "சரி மாமா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூக்கும்போது உங்க முகத்தைக் காட்டுங்க. அவங்க உங்க காலைத்தான் பாத்திருக்காங்க" என்றாள்.

"காட்டுறேன் தாயி."

அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணன் இன்னும் லைனில் இருந்தார். அவர் வரப்பிலேயே குந்தி உட்கார்ந்தார்.

"கறிக்கடையில குடுத்து அறுத்து வாங்கிக்கலாம்னு இருந்தேன் ஸ்டெல்லா" என்றார். "இப்ப நானேதான் செய்யணும்."